மிலாறு கிடக்கும் ரோட்டுக்கு ஒரு டயர்

நிஷாந்தியின் சைக்கிளைப் பார்ப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் வழிவிடுவார்கள். வலைத்துணி பின்னிய நாற்காலி ஒன்றில் சாய்ந்துகொண்டு, இரண்டு காலையும் முன்னால் நீட்டி, வயிற்று உயரத்தில் இருக்கும் மிதிகளை மிதிக்க வேண்டிய சைக்கிள் அது. முன்சக்கரம் சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் சக்கரம் போலச் சிறியது. பின்சக்கரம் பெரியது. கல்லுமலைத் தோட்டத்தில் அதற்கு ஈசிச்சேர் சைக்கிள் என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது, தோட்டத்தின் இரண்டு பிரிவான மேற்கணக்கிலும் கீழ்க்கணக்கிலும் இப்போது அந்தப் பெயர்தான்.

அதைக் கொண்டுவந்தவள் ஒரு வெள்ளைக்கார அம்மா. பட்டிப்பொல வரை மிதித்து ஏறியவள் அங்கே குளிர்காய்ச்சலில் விழுந்தாள். ரயிலில் இறங்கி வந்து, வட்டகொடை ஸ்டேஷனுக்குப் பக்கத்து விடுதியில் சில நாள் படுத்திருந்துவிட்டு, சைக்கிளை அங்கேயே விட்டு ஊருக்குப் போய்விட்டாள். வேளாவேளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த லெட்சுமிக்குத்தான் சைக்கிள் என்று சொல்லிவிட்டுப் போனாள். லெட்சுமி, நிஷாந்தியின் புருஷன் ஜீவராஜுக்கு அக்கா.

“எனக்கு எதுக்குடி இது? ஒன் முதுகுக்குத்தான் இது சரி, தள்ளிக்கிட்டுப் போ” என்றாள் லெட்சுமி.

சொன்னது பொய்க்கவில்லை. தேயிலைக் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், மழை நாளொன்றில் தண்ணீர் ஓடும் கானைத் தாண்டும்போது வழுக்கி விழுந்ததில் நிஷாந்தியின் இடுப்புக்கு மேலே ஒரு எலும்புத் தட்டு விலகிப்போயிருந்தது. மலையேறிப் பறிக்க இனி முடியாது என்று ஆனதும், பயிற்சிக்குப் போய்ப் படித்து, வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கீழ்க்கணக்குப் பிள்ளைக்காம்பராவின் பொறுப்பை வாங்கிக்கொண்டாள். கல் படிக்கட்டில் இறங்கி நடந்தால் வலிக்கும். சாதாரண சைக்கிள் சீட்டில் குந்தினால் இன்னும் வலிக்கும். சாய்ந்து படுத்தால் வலியில்லை. சாய்ந்துகொண்டே வேலைக்குப் போகிற வண்டி கிடைத்தால் விடுவாளா?

வீடு மேற்கணக்கில், தொழிற்சாலைக்குப் பின்னால். வேலை கீழ்க்கணக்கில். காலையில் முழுக்க இறக்கம். சாயங்காலம் கொழுந்து லொறி தொழிற்சாலைக்கு ஏறும்போது சைக்கிளையும் அவளையும் ஏற்றிக்கொள்ளும். காலையில் லொறி கிடையாது. காலைதான் முக்கியம். பிள்ளைக்காம்பராக் கதவு திறந்து, கைக்குழந்தையை உள்ளே கொடுத்த பிறகுதான் தாய்மார் பெரட்டுக்குப் போக முடியும். பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்த பிறகு போய் நின்றால், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா அரைப்பேர்தான் போடுவார். அரைப்பேர் என்றால் அரை நாள் கூலி. ஒருத்தி கதவு திறக்கப் பிந்தினால் ஒரு லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் அரைக் கூலிக்கு வேலை செய்ய வேண்டும்.

வெள்ளைக்கார அம்மாவின் டயர்கள் விரல் தடிப்பில் இருந்தன. வழவழப்பான தார் ரோட்டுக்குச் செய்தவை. கல்லுமலை ரோட்டில் அவை அடிக்கடி பஞ்சரானதும், நிஷாந்தி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ச் சேர்வதும், பூட்டிய கதவுக்கு முன்னால் குழந்தைகள் கத்துவதும் வழக்கமாகிப் போனது. கடைசியில் வெல்பேர் ஐயா யோகேஸ்வரன் வந்து நின்றார். நல்ல மனுசன். அதனால்தான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“மிஸ், நீங்க புள்ளைகளப் பாத்துக்கிற மாதிரி யாரும் பாத்துக்க மாட்டாங்க. அது எனக்குத் தெரியும். ஆனா அம்மாமார் யூனியன் தலைவர்கிட்ட போயிட்டாங்க. இன்னொரு தரம் பிந்துச்சின்னா, கீழ்க்கணக்குலயே குடியிருக்கிற ஒரு ஆளப் போடச் சொல்லிட்டாரு தொரை.”

“சார், இந்த மாசக் கடைசியில நீங்களே வந்து நின்னு பாருங்க.”

“வருவேன். வந்துதான் ஆகணும்.”

“வாங்க. கதவு தொறந்திருக்கும்.”

அவர் போன பிறகு ஜீவராஜ் கேட்டான்: “என்னா தைரியத்துல சொன்ன? அந்த ரோட்டுல டயரு நிக்கும்னு யாருக்கு எழுதிக் கொடுத்திருக்கு?”

“நிக்கிற டயரா வாங்கிப் போட்டா நிக்கும்.”

அவள் வெறும் வாய்ச்சொல் சொல்லவில்லை. ஒவ்வொரு பஞ்சரின்போதும் டியூபில் குத்தியதைப் பிடுங்கி ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்திருந்தாள். ஆணி இருக்கும், போத்தல் ஓடு இருக்கும் என்று ஜீவராஜ் நினைத்திருந்தான். டின்னைக் கவிழ்த்தபோது ஒரே மாதிரிச் சாமான்தான் விழுந்தது. கட்டை விரல் நீளத்தில், ஒரு முனை சாய்வாகச் சீவிய, இரும்பு போல இறுகிய குச்சிகள்.

“மிலாறு!” என்றான் ஜீவராஜ்.

அந்த மாதம் மேல்மலையில் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. கவ்வாத்துக் கத்தி ஒரே வீச்சில் தேயிலைச் செடியின் கிளையைச் சாய்வாக வெட்டும். வெட்டி விழுந்த கிளைதான் மிலாறு. அது அடுப்புக்கு ஆகும் என்று பெண்கள் கட்டுக் கட்டாக எடுத்துப் போவார்கள். தலையில் சுமந்தால் குற்றமில்லை. கீழ்க்கணக்குப் பெண்கள் நாள் முழுக்கக் கூடை சுமந்த அலுப்பில், கட்டைக் கயிற்றில் பிணைத்து ரோட்டோடு இழுத்துக்கொண்டு இறங்குவார்கள். இழுத்த வழியெல்லாம் முனை முறிந்து சிதறும். கண்டாக்கு ஐயாவின் மோட்டர் பைக் டயருக்கு அது கொசுக்கடி. நிஷாந்தியின் டயருக்குக் கோடாலி. போதாததற்கு, கால் இரண்டும் முன்னால் நீண்டிருப்பதால் முன்சக்கரத்தின் அடியில் கிடப்பது அவள் கண்ணுக்குத் தெரியாது.

மறுநாள் அவள் அம்மாக்கண்ணுவிடம் பேசிப் பார்த்தாள். யூனியன் தலைவரிடம் போனவர்களில் முதல் ஆள் அவள்தான். இரட்டைப் பிள்ளைக்காரி. கீழ்க்கணக்கில் அவள் வாய்க்குக் கண்டாக்கே ஒதுங்கிப் போவார்.

“அக்கா, மிலாற இழுக்காம தூக்கிட்டுப் போனீங்கன்னா எனக்குப் பஞ்சரு ஆகாது. ஒங்களுக்கும் அரைப்பேரு வராது.”

“அடியாத்தீ! நீ படுத்துக்கிட்டு வர்றதுக்கு நாங்க ரோட்டக் கூட்டி வைக்கணுமா? அப்பிடியே ரெண்டு பூவும் தூவி வுடறோம்டி!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நிஷாந்தியும் சிரித்துவிட்டாள். யோசித்துப் பார்த்தால் அம்மாக்கண்ணு சொன்னதிலும் ஞாயம் இருந்தது. கூடை இறக்கிய முதுகின் பாடு நிஷாந்திக்குத் தெரியாததா? ரோட்டைத் திருத்த அவளால் ஆகாது. டயரை மாற்றலாம்.

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை ரயிலின் கார்ட் பெட்டியில் ஏற்றி, ஹட்டனுக்குக் கிளம்பினாள். ஜீவராஜ் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தான்.

“சக்கரத்தக் கழட்டிப் பையில போட்டுக் கொண்டாந்தா போதாதா? முழு வண்டியையும் தூக்கிட்டு வரணுமா?”

“செருப்பு வாங்கப் போறப்ப நீங்க காலக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டா போவீங்க?”

சுதாகரனின் கடை பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, ஏற்றத்தில் இருந்தது. சைக்கிளைப் பார்த்ததும் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சிரிக்கவில்லை. அதிலேயே நிஷாந்திக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

“நல்ல சாமான் தங்கச்சி. இதுக்கு வந்திருக்கிற டயரு மாதிரியே மெல்லிசா வேற கம்பெனியில இருக்கு. போட்டா பறக்கும்.”

“நான் எறங்கத்தான் போறேண்ணே. பறக்க வேணாம்.”

டின்னைத் திறந்து மிலாறுக் குச்சிகளை மேசையில் கொட்டினாள். சுதாகரன் ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினார். நகம்தான் வளைந்தது.

“அப்ப காத்தே இல்லாத டயரு போட்டுருங்க. முழு ரப்பர். எத வேணா குத்தட்டும், பஞ்சருன்னு ஒண்ணு ஆகவே ஆகாது.”

ஜீவராஜின் முகம் மலர்ந்தது. “அதாண்ணே! அதக் குடுங்க.”

“வேணாம்” என்றாள் நிஷாந்தி. “அண்ணே, மத்த சைக்கிள்ல பள்ளம் வந்தா என்னா செய்வீங்க?”

“என்னா செய்யறது, மிதியில எந்திரிச்சு நிப்போம். பின்பக்கத்தத் தூக்கிக்குவோம்.”

“நான் எப்பிடித் தூக்குவேன்? படுத்துல்ல இருக்கேன். ரோட்டுல இருக்கிற கல்லு, குழி அத்தனையும் நேரா முதுகுக்குத்தான் வரும். அந்த டயருல காத்து இல்லாட்டி என் எலும்புதான் காத்து. எனக்குக் குத்தவும் கூடாது, குலுக்கவும் கூடாது. காத்து வேணும், நெறைய வேணும். அதுக்கு அகலம் வேணும்.”

சுதாகரன் ஜீவராஜைப் பார்த்தார். “வீட்டுலயும் இப்பிடித்தானா?”

“நான் ஷிப்டுக்குப் போயிருவேண்ணே” என்றான் ஜீவராஜ்.

உள்ளே போய் மூன்று சோடி டயர்களைக் கொண்டுவந்தார். மூன்றும் மலைப்பாதைக்குச் செய்தவை. ஓடுகிற மேல் ரப்பருக்கு அடியில் இன்னொரு தடித்த மெத்தை வைத்தவை. அகலத்தில்தான் வித்தியாசம்.

“மெத்தை இருக்குன்னு எப்பிடித் தெரியும்? குத்திப் பாக்கலாமாண்ணே?”

“நீங்க குத்திப் பாத்துட்டுப் போயிருவீங்க. நான் அப்புறம் யாருக்கு விக்கிறது?” என்று சிரித்தார். ஆனாலும் கடைக்குப் பின்னால் கிடந்த, யாரோ தேய்த்துப் போட்ட அதே வகைப் பழைய டயர் ஒன்றை எடுத்துவந்து குறுக்கே வெட்டிக் காட்டினார். பலாப்பழத் தோல் மாதிரி இருந்தது வெட்டு. மேலே கறுப்பு, நடுவில் சின்ன விரல் கனத்துக்கு வேறு நிறத்தில் ஒரு அடுக்கு, அடியில் துணி. நிஷாந்தி டின்னிலிருந்ததிலேயே கூரான மிலாறை எடுத்து, தரையில் வைத்த டயர்த் துண்டின்மேல் நட்டு, ஜீவராஜைக் குதிகாலால் மிதிக்கச் சொன்னாள். அவன் மிதித்தான். மறுபடி ஏறி மிதித்தான். முனை கறுப்பைத் தாண்டி நடு அடுக்கில் புதைந்து நின்றது. துணிவரை போகவில்லை.

“இந்தா, இதுலயே ஆக அகலமானதப் போட்டுருங்க” என்று ஜீவராஜ் அவசரப்பட்டான். “யானக் காலு மாதிரி இருக்கட்டும்.”

“போட்டுத்தான் பாப்போமே.”

யானைக் காலைப் போட்டார்கள். பின்சக்கரம் கம்பியில் உரசாமல் சுற்றியது. முன்சக்கரமும் சுற்றியது. நிஷாந்தி சாய்ந்து படுத்து, கடைக்குப் பக்கத்துச் சந்தில் நேராக ஓட்டினாள். பஞ்சு மெத்தையில் போவது போல இருந்தது. சந்தின் முடிவில் வளைத்துத் திருப்பியபோது, மிதியில் இருந்த குதிகாலை முன்டயர் வறட்டென்று உரசியது. செருப்பின் வார் பிய்ந்தது. அவள் காலை ஊன்றி நின்றுகொண்டாள்.

இந்தச் சைக்கிளில் மிதிக்கிற காலுக்கு நேர் பின்னால்தான் முன்சக்கரம். டயர் அகலமானால் உயரமும் கூடும். உயரம் கூடினால் வளைவில் குதிகாலுக்கு இடமில்லை. கல்லுமலை ரோட்டில் கீழ்க்கணக்குக்குப் போவதற்குள் எத்தனை முடக்கு! ஒவ்வொன்றிலும் இப்படி உரசினால் பஞ்சருக்கு முன்னே பள்ளத்தாக்குதான்.

“பாத்தீங்களா?” என்றாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. “பையில சக்கரத்தக் கொண்டாந்திருந்தா இது தெரிஞ்சிருக்குமா?”

ஜீவராஜ் அதை வாங்கிக்கொண்டு செருப்பு தைக்கிறவரைத் தேடிப் போனான்.

நடு அகலத்தை முன்னுக்கும் பின்னுக்கும் போட்டார்கள். மறுபடி சந்து. மறுபடி வளைவு, இடது பக்கம், வலது பக்கம். குதிகாலுக்கும் டயருக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி போகிற இடைவெளி இருந்தது. “இதுதாண்ணே” என்றாள் நிஷாந்தி. சீட்டுப் போட்டுச் சேர்த்திருந்த காசை எண்ணாமல் எடுத்துக் கொடுத்தாள்.

சுதாகரன் காற்றடித்து, அவள் கட்டைவிரலைப் பிடித்து டயரில் வைத்தார். “அமுக்கிப் பாருங்க. கொஞ்சமா அமுங்குதா? இந்த அளவுதான். மெல்லிசு டயருக்கு அடிக்கிற மாதிரி இதுக்குக் கல்லா அடிச்சிரக் கூடாது. அடிச்சா பந்து மாதிரி எகிறும்.”

மாதக் கடைசி வந்தது. முதல் நாள் மாலை மேல்மலையின் கடைசித் துண்டிலும் கவ்வாத்து முடிந்து, கீழ்க்கணக்கே திரண்டு வந்து மிலாறு இழுத்துக்கொண்டு போயிருந்தது. விடிய மழையும் தூறியது. நிஷாந்தி உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் பம்ப்பின் சத்தம் புஸ் புஸ் என்று கேட்டது. ஜீவராஜ் சட்டை நனைய நனையக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

“என்னாங்க செய்றீங்க?”

“ஒண்ணுமில்ல. நீ போ. இன்னைக்கு ஒரு கொறையும் வரக்கூடாது.”

நேரம் ஆகிக்கொண்டிருந்தது. மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

முதல் முடக்குக்கு முன்பே தெரிந்துவிட்டது. சக்கரம் கல்லில் பட்ட ஒவ்வொரு தடவையும் வண்டி எகிறியது. இடுப்புக்கு மேலே அந்தப் பழைய இடத்தில் நெருப்புக் குச்சி கிழித்தது போல இருந்தது. ஈர ரோட்டில் பின்சக்கரம் ஒரு பக்கமாக வழுக்கி, கானை நோக்கிப் போனது. பிரேக்கை மெல்லப் பிடித்து, எப்படியோ நிறுத்தினாள். கீழே, பனிக்குள், பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரை தெரிந்தது. குழந்தைகளின் அழுகைச் சத்தம் கேட்டது. தாய்மார் வந்துவிட்டார்கள். பெரட்டுச் சங்கு இன்னும் ஊதவில்லை. ஊதப் போகிறது.

இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் நிச்சயம் பிந்தும். இப்படியே ஓட்டினால் கானுக்குள்.

டயரில் கட்டைவிரலை வைத்தாள். பாறாங்கல். “அட பாவி மனுசா” என்று வாய்விட்டுச் சிரித்தாள். சுதாகரன் பதம் சொன்னபோது செருப்பு தைக்கப் போயிருந்தவன் அன்பாக அடித்த காற்று. கொண்டையிலிருந்து ஊசியை உருவி, வால்வை அமுக்கினாள். உஸ்ஸென்று போனது. அமுக்கிப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம். சுதாகரன் தன் விரலைப் பிடித்து வைத்த அந்தப் பதம் வந்ததும் விட்டாள். பின்சக்கரத்துக்கும் அப்படியே. ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு சாய்ந்தாள்.

இப்போது வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. மிலாறு சிதறிக் கிடந்த இடம் வந்ததும் சக்கரத்தின் அடியில் பொரி மெல்லுகிற சத்தம் நொறுநொறுவென்று கேட்டது. அவள் பிரேக்கைத் தொடவில்லை. முடக்குக்கு முடக்கு குதிகால் தீப்பெட்டி இடைவெளியில் தப்பிக்கொண்டு போனது.

பிள்ளைக்காம்பரா வாசலில் தாய்மாருக்கு நடுவில் குடையோடு யோகேஸ்வரன் நின்றார். நிஷாந்தி வந்து நின்று, எழுந்து, பூட்டைத் திறந்தாள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. அம்மாக்கண்ணுவின் இரண்டும் நிஷாந்தியின் கையை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டோம் என்றன. கடைசிக் குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்ட பிறகுதான் சங்கு ஊதியது.

தாய்மார் பெரட்டுக்கு ஓட வேண்டியவர்கள். ஆனால் யாரும் நகரவில்லை. யோகேஸ்வரன் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிஸ், இங்க பாருங்க. குத்தியிருக்கே.”

டயரின் நடுவில் ஒரு மிலாறு நேராக இறங்கி நின்றது. வெளியே தெரிந்தது கொஞ்சம்தான்.

“போச்சுடா” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. “நாளைக்கு மறுபடி கதவு சாத்தித்தான் கெடக்கும்.”

“புடுங்குங்க சார்” என்றாள் நிஷாந்தி.

“காத்து போயிரும்.”

“போகாது. புடுங்குங்க.”

அவர் விரலால் பிடித்து இழுத்தார். வரவில்லை. குடையை அம்மாக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தார். வந்தது. எல்லாரும் காதைக் கொடுத்தார்கள். அழுதுகொண்டிருந்த குழந்தைகூட என்ன நடக்கிறதென்று பார்க்க வாயை மூடியது. உஸ் என்ற சத்தம் இல்லை. யோகேஸ்வரன் டயரில் காதை வைத்தே பார்த்தார்.

“சரி மிஸ்” என்றார், முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டே எழுந்து. “வேற ஆளு பாத்து வச்சிருந்தேன். வேணாம்னு தொரைகிட்ட சொல்லிர்றேன்.”

“சொல்லிருங்க சார். ரோட்டுல மிலாறு தீர்றதுக்குள்ள இன்னொரு தரமும் வந்து பாருங்க. தேத்தண்ணி ஊத்தித் தாறேன்.”

தாய்மார் கலைந்து பெரட்டுக்கு ஓடினார்கள். அம்மாக்கண்ணு மட்டும் குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஓடுகிற காலோடு நின்று, டயரை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள். பிறகு சைக்கிளின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பின்சக்கரத்துக்கு மேலே வெள்ளைக்கார அம்மா மூட்டை கட்டிய இரும்புச் சட்டம் அப்படியே இருந்தது.

“ஏன்டி, இதுல பாரம் ஏத்தலாமா?”

“ஏத்தலாமே. இந்த டயரு தாங்கும்.”

“அப்ப மேக்கணக்கு ரோட்டோரத்துல என் மிலாறக் கட்டி வச்சிட்டு வந்துர்றேன். நீ காலையில வர்றப்ப கொண்டாந்துரு. எனக்கென்னா, இழுக்கணும்னு வேண்டுதலா?”

“கொண்டாறேன்க்கா. ஒரு நாளைக்கு ஒரு கட்டுத்தான். அதுவும் ரோட்டுல இழுக்காதவங்களுக்கு மட்டும்.”

“பாத்தியா, டயரு மாத்துனதும் சட்டம் பேசுறா!” என்று சொல்லிக்கொண்டே அம்மாக்கண்ணு சேலையைத் தூக்கிச் செருகி, பெரட்டை நோக்கி ஓடினாள். முழுப்பேருக்கு இன்னும் நேரம் இருந்தது.